கடவுச்சொல் இல்லாத சோறு

2008ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, பேச்சியம்மாவின் சோற்றுக்கூடை கேட்டில் மறிக்கப்பட்டது.

மறித்தவர் காவல்காரர் வீரய்யா. பல வருடங்களாக அந்தக் கூடையிலிருந்து தானும் ஒரு பங்கு சாப்பிட்டு வந்தவர் என்பதால், மறிக்கும்போது அவர் பேச்சியம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டின் துருவைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"கோவிச்சுக்காத பேச்சி. இன்னையிலேருந்து உள்ள விடக் கூடாதாம். நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க."

"எதை விடக் கூடாதாம்?"

"சோத்தை."

பேச்சியம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு நோட்டீஸைப் படித்தாள். எட்டாம் வகுப்புவரை படித்தவள். பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துவிட்டு, கலியாணத்துக்குப் பிறகு ஹட்டனுக்கு வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சமையலறையை வாடகைக்கு எடுத்துச் சோறாக்கி விற்பவள். டிக்கோயாப் பாதையின் மேட்டிலிருந்த அந்தத் தோட்டக் கம்பனியின் பிராந்தியக் காரியாலயத்துக்குப் பகல் சாப்பாடு கொடுக்கும் ஒப்பந்தம் அவளிடம் இருந்தது. அவளுடைய அடுப்பில் ஏறும் பெரிய பானை அந்தக் காரியாலயத்தை நம்பித்தான் ஏறியது.

நோட்டீஸ் இப்படிச் சொன்னது: 'ஒப்பந்தக்காரர்கள் தமது தனிப்பட்ட சாதங்களைக் காரியாலயத்துக்குள் கொண்டுவருதல் இன்று முதல் தடைசெய்யப்படுகிறது. ஒப்பந்தக்காரர்கள் பாதுகாக்கப்பட்ட உலாவியின் ஊடாக மாத்திரமே உள்நுழைதல் வேண்டும்.'

அவளை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிய கணவன் வடிவேல், எஞ்சினை நிறுத்தாமலே எட்டிப் பார்த்தான்.

"உலாவின்னா யாரு?"

"உலாத்துறவனா இருக்கும்."

"அப்ப அது நான்தான். விடிஞ்சா பொழுது போனா ஹட்டன் டவுன்ல உலாத்திக்கிட்டுதானே இருக்கேன். வா, நான் உள்ள கூட்டிட்டுப் போறேன்."

வீரய்யா யோசித்தார். நோட்டீஸில் உலாவியின் பெயர் போடப்படவில்லை. ஆகவே, மேலே போய் மகாலிங்கம் ஐயாவைக் கேட்டுவருவதாகச் சொல்லிப் படியேறினார்.

இந்த மகாலிங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதற்கு முன் கொழும்பில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கம்பனியின் தலைமையகத்துக்குக் கணினி திருத்த வந்த ஒரு வெளியாள், தன் சொந்த மடிக்கணினியைக் கம்பனியின் இணைப்பில் மாட்டினார். அன்று மாலையே தலைமையகத்தின் திரைகள் எல்லாவற்றிலும் ஒரு வெள்ளைக்காரப் பெண் தோன்றி, 'நீங்கள் ஒரு கார் வென்றிருக்கிறீர்கள்' என்று சொல்லத் தொடங்கினாள். அவளை நிறுத்த முடியவில்லை. டைரக்டர் ஒருவர் இரண்டு முறை தன் வீட்டு விலாசத்தைக் கொடுத்துவிட்டார். காரும் வரவில்லை. அதன்பிறகுதான், ஒப்பந்தக்காரர்கள் சொந்தச் சாதனங்களைக் கொண்டுவரக் கூடாது, கம்பனியின் இணையத்தளத்தைப் பாதுகாப்பான உலாவியில் மட்டுமே திறக்க வேண்டும் என்று முடிவாகி, பிராந்தியத்துக்கு ஒரு தகவல் பாதுகாப்புப் பிரிவு அமைக்கப்பட்டது.

ஹட்டனில் அந்தப் பிரிவுக்குத் தலைவராக மகாலிங்கம் நியமிக்கப்பட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து இளம் வயதில் மலைக்கு வந்து, காரியாலயத்தின் பேனை, கடதாசி முதலான காகிதாதிகள் களஞ்சியத்தைப் பொறுப்பாகப் பார்த்தவர். நேர்மையானவர். கொழும்பு ஹோட்டலொன்றில் நடந்த கருத்தரங்குக்குப் போய் வந்தார். இணையம் ஆபத்தானது என்றும், ஆபத்து வெளியிலிருந்து வரும் என்றும், ஒப்பந்தக்காரர்கள் வெளியில் இருப்பவர்கள் என்றும் அங்கே படித்துக்கொண்டார்.

அவருக்கு இருந்த ஒரே கஷ்டம், ஹட்டன் காரியாலயத்தில் கணினி தொடும் ஒப்பந்தக்காரர் ஒருவரும் இல்லை என்பதுதான். பிரிண்டர் திருத்துகிறவர் எப்போதாவது கண்டியிலிருந்து வருவார். பதிவு செய்ய வேண்டும் என்று கேள்விப்பட்டதும் அவரும் வருவதை நிறுத்திவிட்டார். ஒப்பந்தக்காரர் இல்லாத இடத்தில் பிரிவு எதற்கு என்று கொழும்பு கேட்கத் தொடங்கியிருந்தது. அந்த நேரத்தில்தான் வீரய்யா படியேறி வந்து, "ஐயா, ஒரு ஒப்பந்தக்காரி வந்து நிக்கிறா" என்றார்.

மகாலிங்கம் குடையையும் மறந்து இறங்கி வந்தார். பின்னால் அவருடைய உதவியாளன் மயூரதன் ஓடி வந்தான். நோட்டீஸைப் பார்த்ததும் மயூரதனுக்கு முகம் வெளுத்தது.

"சேர், இதில ஒரு 'ன' விடுபட்டுப் போச்சு. சாதனங்கள் எண்டு வரவேணும். நான் அடிச்ச பிழை. சோத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

மகாலிங்கம் நோட்டீஸின் அடியைச் சுட்டிக்காட்டினார். "தம்பி, உதில ஆற்ற கையெழுத்து?"

"உங்கட, சேர்."

"என்ர கையெழுத்து இருக்கிற கடதாசியில எழுத்துப்பிழை இருக்க ஏலாது." பிறகு அவர் பேச்சியம்மாவிடம் திரும்பினார். "அம்மா, நீங்கள் ஒப்பந்தக்காரரோ?"

"ஒப்பந்தம் போட்டிருக்குங்க ஐயா."

"வெளியில இருந்து வாறியளோ?"

"ஆமாங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலங்க."

"சொந்தமா ஏதும் கொண்டுவாறியளோ?"

"சோறும் பருப்பும் கருவாட்டுக் கொழம்புங்க."

"பாத்தியோ தம்பி, மூண்டும் சரி." அவர் முகத்தில் பல வாரங்களாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது. "அம்மாவை மேல கூட்டிக்கொண்டு வா. கூடை இஞ்சயே நிக்கட்டும்."

மேலே, தன் அறையில், மகாலிங்கம் அவளுக்கு ஒரு நாற்காலி கொடுத்தார். அவள் உட்காரவில்லை. கூடை வெயிலில் இருக்கிறதா நிழலில் இருக்கிறதா என்ற யோசனையிலேயே நின்றாள். அவர் மேசைக்குப் பின்னால் எழுந்து நின்று பேசினார். கருத்தரங்கில் எல்லோரும் நின்றுதான் பேசினார்கள்.

"அம்மா, இனிமேல் நீங்கள் கேற்றடிக்கு வரமுன்னம், உங்கட சாதனத்தில உலாவியைத் திறந்து, எங்கட இணையத்தளத்துக்குப் போய், பேரைக் குடுக்கவேணும். ஒரு கடவுச்சொல் வரும். அதை அடிச்சால் அனுமதி வரும். அதைக் காட்டினால் சாப்பாடு உள்ள வரும். விளங்குதோ?"

"சாப்பாட்டுக்கா ஐயா?"

"பாதுகாப்புக்கு. நான் இருபது வருஷத்துக்குக் கிட்ட ஸ்டோர்ஸில இருந்தனான். என்ர காலத்தில ஒரு பேனை களவு போகேல்ல. ஏன் தெரியுமோ? ஒரு பேனையும் நான் ஒருத்தருக்கும் குடுக்கேல்ல. கேக்கிறவன் எல்லாரிலும் எனக்குச் சந்தேகம். சிலபேர் ஏசினவை. ஆனால் கணக்கெடுக்க வந்தவை எண்ணிப் பாத்திட்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டவை. பாதுகாப்பெண்டால் அதுதான் அம்மா. பொருள் இருக்கவேணும், ஒருத்தரும் தொடக்கூடாது."

பேச்சியம்மாவுக்குப் பேனையைப் பற்றிச் சொல்லும்வரை விளங்கியது. அதற்குப் பிறகு விளங்கவில்லை. "சரிங்க ஐயா" என்றாள். பெரிய மனிதர்கள் நின்றுகொண்டு பேசினால் சரி என்று சொல்லிவிடுவது நல்லது என்று அவள் தோட்டத்திலேயே படித்திருந்தாள்.

அன்றைய சோற்றை வடிவேல் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய்க் கண்டக்டர்மாருக்குக் கொடுத்தான். காரியாலயத்து ஆட்கள் பாதையைக் கடந்து பேக்கரிக்குப் போய் மீன் பணிஸ் தின்றார்கள். மறுநாள் வடிவேல் கடைவீதியில் இணையம் வரும் பழைய கைப்பேசி ஒன்றை வாங்கி வந்தான். முன்பு வைத்திருந்தவர் அதன் பின்பக்கத்தில் முருகன் படம் ஒட்டியிருந்தார். அது ஒரு நம்பிக்கையைக் கொடுத்தது.

கைப்பேசியைப் பதிவுக்குக் கொடுத்தார்கள். அது ஒரு வாரம் மேலே கண்காணிப்பில் வைக்கப்பட்டது. மயூரதனிடம் கேட்டபோது, சேர் அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, ஏதாவது செய்கிறதா என்று அடிக்கடி திறந்து பார்ப்பதாகச் சொன்னான். அது ஒன்றும் செய்யவில்லை. ஆகவே தேறிவிட்டது.

திரும்பி வந்தபோது திரையின் குறுக்கே 'பாதுகாக்கப்பட்டது' என்ற முத்திரைக் கடதாசி ஒட்டப்பட்டிருந்தது. கடதாசி கிழிந்தால் பதிவு ரத்து.

"சேர், திரை தெரியேல்ல" என்று மயூரதன் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"தெரியாட்டி ஆரும் களவாப் பாக்கவும் ஏலாது."

"அவவும் பாக்க ஏலாது, சேர்."

இதை விவாதிக்கப் பிராந்திய மனேஜரின் தலைமையில் ஒரு குழு கூடியது. மனேஜர் சமாதானப் பிரியர். மகாலிங்கம் சொல்வதும் சரி, மயூரதன் சொல்வதும் சரி என்று தீர்ப்பளித்தார். அதன்படி முத்திரைக் கடதாசியின் நடுவில் ஐந்து ரூபாய் நாணயக் குற்றியளவு ஒரு துளை வெட்டப்பட்டது. அனுமதிப் பக்கம் ஆங்கிலத்தில் இருந்தது. துளையில் தெரிந்தது அதில் வரும் வசனத்தின் முதற் சொல் மட்டுமே. அனுமதி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்த முதற் சொல் ஒன்றுதான்.

கேட்டில் நின்று வீரய்யா துளையை உற்றுப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இதுல என்னா பேச்சி தெரியிது? ஒரு மண்ணும் தெரியல. நீயே சொல்லு. கெடச்சிச்சின்னா சிரிச்ச மொகமா வா. கெடக்கலன்னா அழுத மொகமா வா. நான் மொகத்தப் பாத்துக்கிறேன்."

அன்றிலிருந்து கம்பனியின் இணையப் பாதுகாப்பு, பேச்சியம்மாவின் முகத்தை நம்பி நடந்தது. கேட்டடியில் இணைப்பு வராது. அதற்கு மேலே, பாதை வளைகிற இடத்திலுள்ள மாரியம்மன் கோவில் வாசலில் மட்டுமே வரும். அவள் கோவில் வாசலில் நின்று, மயூரதன் சொல்லிக்கொடுத்தபடி விசைகளை எண்ணி எண்ணி அழுத்தி, முத்திரை கிழியாமல் கைப்பேசியைச் சாய்த்துச் சாய்த்து எழுத்தெழுத்தாகப் படித்து, கடவுச்சொல்லை அடிப்பாள். பிறகு ஆட்டோவில் ஏறிக் கீழே பறப்பாள். கேட்டுக்கு வந்ததும் சிரிப்பாள். கைப்பேசி ஒரு சொந்தச் சாதனம் என்பதால் அதை வீரய்யாவின் மரப்பெட்டியில் போட்டுவிட்டுக் கூடையோடு மேலே போவாள். ஊழியர்களும் வீட்டிலிருந்து கொண்டுவரும் பிஸ்கட், பழம், ரொட்டி எல்லாவற்றையும் அதே பெட்டியில் போட வேண்டியிருந்தது. அவையும் தனிப்பட்ட சாதங்கள்தான்.

முதல் நாள் சாப்பாடு உள்ளே போனபோது, சாப்பாட்டறையில் ஏதோ பூசைக்குப் பிறகு பிரசாதம் வந்தது போல எல்லோரும் எழுந்து நின்றார்கள். கருவாட்டுக் குழம்பின் மணத்தில் மனேஜர் கண்ணை மூடினார். எல்லோரும் பிசைந்து இரண்டாவது கவளத்தை எடுத்த நேரத்தில், கை மணிக்கூட்டைப் பார்த்தபடி மகாலிங்கம் எழுந்தார்.

"எல்லாரும் கையை எடுங்கோ!"

எல்லோரும் திகைத்தார்கள்.

"கடவுச்சொல் அடிச்சுப் பதினஞ்சு நிமிஷம் முடிஞ்சுது. அம்மான்ர அமர்வு காலாவதி. இந்தச் சோறு இப்ப அனுமதி இல்லாமல் உள்ள நிக்குது."

"மகாலிங்கம், வாயில இருக்கிறது?" என்று மனேஜர் வாயில் இருந்தபடியே கேட்டார்.

மகாலிங்கம் சற்று யோசித்தார். "விழுங்கினது விழுங்கினதுதான், சேர். அது இப்ப கம்பனிச் சொத்து. தட்டில இருக்கிறதைத் தொட வேண்டாம்."

பேச்சியம்மா இறங்கி ஓடி, பெட்டியிலிருந்து கைப்பேசியை எடுத்து, ஆட்டோவில் கோவிலுக்குப் போய், மறுபடி பேரைக் கொடுத்து, கடவுச்சொல்லை வாங்கி, மூச்சிரைக்கத் திரும்பி வந்து, மூச்சிரைத்தபடியே சிரித்தும் காட்டினாள். அதுவரை ஒரு காரியாலயம் முழுவதும் வலது கையைத் தட்டுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, விரல்களில் குழம்பு காய உட்கார்ந்திருந்தது. மகாலிங்கமும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் பசித்தது. அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறி அவர் தட்டிலும் ஆறிக்கொண்டிருந்தது. ஆனால் அவர் தொடவில்லை. முன்பே சொன்னேன், அவர் நேர்மையானவர்.

அடுத்த நாளிலிருந்து எல்லோரும் வேகமாகச் சாப்பிடப் பழகினார்கள்.

ஒருவரால் மட்டும் முடியவில்லை. கணக்குப் பிரிவின் தலைமை எழுதுநர் கமலேஸ்வரி. ஐம்பது தாண்டியவர். சீனி வருத்தக்காரி. நீரிழிவு மாத்திரை போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், மென்று சாப்பிட வேண்டும். அவருக்கென்று பேச்சியம்மா தவிட்டரிசிச் சோறும் பாகற்காயும் தனியாகக் கட்டி வருவாள்.

"பிள்ளை, எனக்காக ஓடி விழுந்திடாதை" என்பார் கமலேஸ்வரி. "நான் என்ர பிஸ்கட்டையாவது கடிச்சுச் சமாளிப்பன். அதையும் கொண்டுபோய் வீரய்யான்ர பெட்டிக்கை போட்டிட்டாங்கள்."

"இருங்கம்மா, நான் வந்திருவேன். மழை மட்டும் வராம இருக்கணும்."

ஆடி பிறந்ததும் மழை வந்தது. ஹட்டன் மழை வந்தால் மழையாக மட்டும் வராது. மேகமே பாதையில் இறங்கி நடக்கும். அன்று கோவில் வாசலில் நின்று பேச்சியம்மா எத்தனை தரம் அழுத்தியும் பக்கம் திறக்கவில்லை. துளைக்குள்ளே ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வடிவேல் தன் சட்டையைக் கழற்றிக் கைப்பேசிக்கு மேலே பிடித்தான். கோவில் படியில் ஏறிப் பார்த்தார்கள். மதிலில் ஏறிப் பார்த்தார்கள். வட்டம் சுற்றியது. கடைசியில் இணைப்பில்லாமலே கேட்டுக்கு வந்து கூடையோடு மழையில் நின்றாள். வீரய்யா தன் காவல் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தார். அவள் முகம் சிரிக்கவில்லை. அவர் கேட்டைத் திறக்கவில்லை.

நேரம் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று மேலேயிருந்து மயூரதன் தலை நனைய ஓடி வந்தான்.

"கமலேஸ்வரி அக்கா விழுந்திட்டா! கதிரையால சரிஞ்சு கீழ விழுந்திட்டா! குளிசை போட்டிட்டுச் சாப்பாட்டைப் பாத்துக்கொண்டு இருந்தவ!"

பேச்சியம்மா கூடையைத் தூக்கினாள்.

"பேச்சி," என்றார் வீரய்யா, "அனுமதி..."

அவள் அவரைப் பார்த்தாள். சிரித்த முகமுமில்லை, அழுத முகமுமில்லை. அப்படி ஒரு முகத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவர் கேட்டைத் திறந்துவிட்டார்.

மேலே, கணக்குப் பிரிவில், கமலேஸ்வரி தரையில் கிடந்தார். முகம் வியர்த்துக் கொட்டியது, உதடு நடுங்கியது. பேச்சியம்மா கூடையில் போத்தலிலிருந்த, பால் விடாத பிளேன்டீயில் சீனியை அள்ளிக் கொட்டிக் கலக்கி, அவர் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினாள். கமலேஸ்வரி கண்ணைத் திறந்தார். திறந்த பிறகு, பேச்சியம்மா அந்தத் தரையிலேயே உட்கார்ந்து, தவிட்டரிசிச் சோற்றைப் பிசைந்து சிறு சிறு கவளமாக ஊட்டினாள். "மெதுவா, மெதுவா. யாரும் நேரம் பாக்கல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது மகாலிங்கம் ஓடி வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். அவர் முகம் இருண்டது.

"ஐயோ, திரை திறந்து கிடக்குது!"

தரையில் இருந்தவர்களைச் சுற்றிக்கொண்டு போய், கமலேஸ்வரியின் கணினியைப் பூட்டிவிட்டு, அதன்பிறகே பெருமூச்சு விட்டார்.

விசாரணை அதே வாரத்தில் நடந்தது. மனேஜர் தலைமை வகித்தார். கமலேஸ்வரியை முதலில் அழைத்தார்கள்.

"கணினியைப் பூட்டாமல் ஏன் மயங்கினனீங்கள்?" என்று மகாலிங்கம் கேட்டார். குரலில் கோபமில்லை. உண்மையான கவலைதான் இருந்தது.

"எனக்கு நேரம் கிடைக்கேல்ல, சேர்."

"ரெண்டு விசைதானே அக்கா. மயக்கம் வாறது தெரியுந்தானே? தலை சுத்தும், கண் இருளும். அந்த நேரத்துக்கை அழுத்தியிருக்கலாம். நீங்கள் விழுந்து கிடந்த அவ்வளவு நேரமும் கம்பனிக் கணக்கெல்லாம் திறந்து கிடந்தது. ஆரும் பாத்திருந்தால்?"

"பாத்திருந்தால் என்னைத் தூக்கியிருப்பினம்" என்றார் கமலேஸ்வரி.

மனேஜர் இருமினார். அந்தப் பதிலை எழுத வேண்டாம் என்று கையால் காட்டினார்.

பிறகு பேச்சியம்மா.

"அம்மா, அண்டைக்கு நீங்கள் எந்த உலாவியின் ஊடாக உள்ள வந்தனீங்கள்?"

"காலாலங்க ஐயா. நடந்து வந்தேங்க."

'இனந்தெரியாத உலாவி' என்று மகாலிங்கம் எழுதிக்கொண்டார்.

"கடவுச்சொல் என்ன குடுத்தனீங்கள்?"

"அந்தம்மா செத்துப்போயிருவாங்கன்னு பயமா இருந்துச்சிங்க. ஒரு சொல்லும் வரல."

முடிவு வாசிக்கப்பட்டது. மயங்கக்கூடிய ஊழியர்கள் இனிமேல் அதை முதல் நாளே பாதுகாப்புப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். கமலேஸ்வரிக்கு எச்சரிக்கை. பேச்சியம்மாவின் பதிவும் ஒப்பந்தமும் ரத்து. கைப்பேசி சான்றுப் பொருளாகக் காரியாலயத்தில் நிற்கும், முருகன் படத்தோடு.

பேச்சியம்மா அன்று கைப்பேசி இல்லாமல் ஆட்டோவில் திரும்பினாள். சமையலறைக்கு வந்து, கவிழ்த்து வைத்திருந்த பெரிய பானையைப் பார்த்ததும்தான் அழுதாள்.

"நான் என்னா திருடவா போனேன்? சோத்தோடதானே போனேன்."

"அழுவாத புள்ள" என்றான் வடிவேல். "அந்தப் படிய இனி நீ ஏறவும் வேணாம், அந்த ஓட்டைய எட்டிப் பாக்கவும் வேணாம். பஸ் ஸ்டாண்டுல பசிக்கிறவன் யாருகிட்டயும் பாஸ்வேர்ட் கேக்கிறதில்ல."

அவன் சமையலறையின் முன்பக்கத் தகரத்தை வெட்டி வாசலாக்கினான். உட்கார நாலு வாங்கு போட்டான். பெரிய பானை மறுபடி ஏறியது. நேரத்துக்கு வந்து முதல் வாங்கில் உட்காருபவர் கமலேஸ்வரி. மேட்டிலிருந்து குடையோடு இறங்கி வந்து, மென்று மென்று சாப்பிட்டுவிட்டு, கைப்பையில் நாலு பிஸ்கட்டை யாருக்கும் ஒளிக்காமல் வைத்துக்கொண்டு திரும்பிப் போவார். மெல்ல மெல்ல மற்றவர்களும் வந்தார்கள். மனேஜருக்கு மட்டும் பார்சல் போனது, மயூரதனின் மழைக்கோட்டுக்குள்.

இதற்கிடையில் மகாலிங்கத்தின் புகழ் கொழும்பில் ஓங்கியது. அதுவரை வேறு எந்தப் பிராந்தியத்திலும் ஒரு ஊடுருவல்கூடப் பிடிபடவில்லை. ஹட்டன்தான் முதலாவது. நுவரெலியாவில் ஒரு கூட்டம் வைத்து அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அவர் பேசினார்.

"ஒரு காலம் இருந்தது, எங்களுக்கு ஆபத்தே இல்லை. பிரிவு தொடங்கினம், ஆபத்து வந்தது. இண்டைக்கு எங்களிட்டப் பிரிவும் இருக்குது, ஆபத்தும் இருக்குது. ரெண்டையும் நாங்கள் கவனமாப் பாதுகாக்கிறம்."

கைதட்டல் நெடுநேரம் நீடித்தது.

கேடயம் வந்து சில நாட்களில் கொழும்பிலிருந்து ஒரு பரிசோதகர் வந்தார். எல்லாப் பதிவுகளையும் பார்த்துவிட்டு ஓரிடத்தில் விரலை வைத்தார். ஆடி மாதம் மழை பெய்த அன்று, பேச்சியம்மா என்ற ஒப்பந்தக்காரர் அனுமதியின்றி உள்நுழைந்ததாகப் பதிவு இருக்கிறது. வெளியேறியதாகப் பதிவு இல்லை. அப்படியானால் அவர் எங்கே?

மகாலிங்கம் பதிவுகளைத் தேடிப் பார்த்தார். இல்லை. முறைப்படி உள்நுழையாதவர் முறைப்படி வெளியேற, இணையத்தளத்தில் வழியே இருக்கவில்லை. ஒப்பந்தக்காரர் ஒருவர் உள்ளே இருக்கும்வரை காரியாலயத்தைப் பூட்டக் கூடாது, பிரிவின் தலைவர் காவலுக்கு நிற்க வேண்டும் என்பது விதி. விதியின் அடியில் மகாலிங்கத்தின் கையெழுத்து இருந்தது.

அன்று மாலையிலிருந்து மற்றவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போக, மகாலிங்கம் போகவில்லை. இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டுக்கொண்டார். வீட்டிலிருந்து ஒரு கம்பளி வந்தது. சாப்பாடு வரவில்லை, அது தனிப்பட்ட சாதம். பேக்கரியின் மீன் பணிஸ் அவருக்கு வயிற்றைக் குடைந்தது. ஒரு மாதத்தில் அவர் கழுத்துப் பட்டி தளர்ந்து தொங்கியது.

ஒருநாள் பொழுது சாயும் நேரம், வீரய்யாவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மகாலிங்கம் பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கி வந்தார். கடை வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்கி நின்றார். பேச்சியம்மா அகப்பையோடு நிமிர்ந்து பார்த்தாள். அவரை மறுபடி கண்டால் என்னென்ன கேட்க வேண்டும் என்று அவள் எத்தனையோ நாள் அடுப்போடு பேசி வைத்திருந்தாள். அவர் நின்ற கோலத்தைப் பார்த்ததும் ஒரு வாங்கை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கய்யா. மெலிஞ்சு போயிட்டீங்களே."

அவர் உட்கார்ந்தார். "அம்மா, ஒரு உதவி. நீங்கள் ஒருக்கா வந்து வெளியேறவேணும்."

"எங்கேருந்துங்க?"

"காரியாலயத்தில இருந்து. நீங்கள் இன்னும் உள்ளதான் இருக்கிறியள். பதிவு அப்பிடித்தான் சொல்லுது."

பேச்சியம்மா கணவனைப் பார்த்தாள். வடிவேல் வாங்கைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிட்ட வந்தான்.

"சரிங்க ஐயா, அவ வருவா. கேட்டுல விடுவாங்களா?"

மகாலிங்கம் தலை குனிந்தார். "பதிவு ரத்துத்தானே. பதிவில்லாதவரை உள்ள விட ஏலாது."

"அப்ப உள்ள இருக்கிறவளை வெளிய விட்டுருங்க."

"பதிவில்லாதவரை வெளியவும் விட ஏலாது, தம்பி."

"அப்ப இங்க அகப்பையோட நிக்கிறது யாருங்க?"

மகாலிங்கம் பேச்சியம்மாவை நெடுநேரம் பார்த்தார். அவள் கன்னத்தில் அடுப்புக்கரி ஒட்டியிருந்தது. பின்னால் பானை கொதித்துக்கொண்டிருந்தது.

"அதை நான் சொல்ல ஏலாது" என்றார் மெதுவாக. "கொழும்புதான் சொல்லவேணும். எழுதியிருக்கிறன்."

பேச்சியம்மா அகப்பையைப் பானைக்குள் விட்டாள். ஒரு தட்டில் சுடுசோற்றைப் போட்டு, பருப்பை ஊற்றி, கத்தரிக்காய்ப் பால்கறியை ஓரத்தில் வைத்துக் கொடுத்தாள். அவர் முதலில் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு அதைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுச் சாப்பிட்டார். மறுசோறு வாங்கினார். அதற்கு மேலும் ஒரு கரண்டி வாங்கினார். கை கழுவி வந்தபோது வெளியே தூறத் தொடங்கியிருந்தது.

"அப்ப நான் வாறன் அம்மா" என்று அவர் குடையை விரித்தார். "கனநேரம் நிக்க ஏலாது. அங்க நீங்கள் தனிய இருக்கிறியள்."

அவர் மேட்டுப் பாதையில் ஏறி மழைக்குள் மறையும்வரை வடிவேல் வாசலிலேயே நின்றான். பிறகு திரும்பி, சிரிப்பதா என்று கேட்பது போல மனைவியைப் பார்த்தான். அவள் அவருடைய தட்டை எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு ஒரு சுண்டு அரிசி கூடப் போடணும்" என்றாள் பேச்சியம்மா. "ராப்பகலா என்னையக் காவல் காக்கிற மனுசன். வயித்தக் காயப் போடக் கூடாது."